நேர்க்கோட்டைப் படிப்பது எப்படி: கல்யாணப் பந்தி முதல் பாபநாசம் அணை வரை, சாய்வுக்கும் வெட்டுத்துண்டுக்கும் ஒரு முழு வழிகாட்டி

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் முடித்த பிள்ளையிடம் ஒரு நேர்க்கோட்டு வரைபடத்தைக் கொடுத்துச் சாய்வு என்ன என்று கேளுங்கள். இரண்டு புள்ளிகளை எடுத்துக் கழித்து, வகுத்து, “200” என்று சொல்லிவிடும். “200 என்ன? ரூபாயா, ஆளா, நாளா?” என்று அடுத்த கேள்வி போட்டால் முழிக்கும். வெட்டுத்துண்டின் கதி இன்னும் மோசம். கோடு ஒய் அச்சைத் தொடும் இடம் என்பதோடு அதன் கதை முடிந்துவிடுகிறது. அந்த எண்ணுக்கு வெளியுலகத்தில் ஒரு பொருள் இருக்கும் என்று பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

ஒய் = எம் எக்ஸ் + சி என்ற சமன்பாட்டை இங்கே நிறுவப் போவதில்லை. அது பாடநூலில் இருக்கிறது. அதில் உள்ள எம்மையும் (சாய்வு) சியையும் (வெட்டுத்துண்டு) வாயால் ஒரு வாக்கியமாகச் சொல்லப் பழக்குவதுதான் இங்கே வேலை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் நெல்லைச் சீமைக்குள்ளேயே. தொகைகளில் பெரும்பாலானவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. நிஜமான எண் வரும் இடத்தில் ஆண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

என் கட்சி எது என்பதை முன்னாலேயே சொல்லிவிடுவது நல்லது. சாய்வை ஓரளவு நம்பலாம், வெட்டுத்துண்டைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். நம் கையில் இருக்கும் தகவல்கள் பெரும்பாலும் கோட்டின் நடுப்பகுதியில் கிடக்கும். சாய்வு அங்கிருந்தே கிடைக்கிறது. வெட்டுத்துண்டோ, யாரும் போய்ப் பார்த்திராத பூஜ்ஜியத்துக்குக் கோட்டை நீட்டி எடுப்பது.

படி 1: கோட்டைப் பார்க்கும் முன் அச்சைப் பாருங்கள்

கீழே படுத்திருக்கும் அச்சில் என்ன, எந்த அலகில்? நிமிர்ந்திருக்கும் அச்சில் (இனி இதை மேல் அச்சு என்கிறேன்) என்ன, எந்த அலகில்? இரண்டையும் தாளின் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். “தூரம்” என்று மட்டும் எழுதினால் போதாது. வேன் வாடகைக் கணக்கில் அது போகிற தூரமா, போக வர இரண்டும் சேர்த்தா என்பதிலேயே பாதிச் சண்டை இருக்கிறது.

இரண்டாவது, இரு அச்சுகளும் 0-வில் தொடங்குகின்றனவா என்று பாருங்கள். செல்போனிலோ கணினியிலோ வரையும் படங்கள் பல சமயம் 100-இலோ 250-இலோ தொடங்கும். அப்போது கோடு இடது ஓரத்தைத் தொடுகிற இடத்தை வெட்டுத்துண்டு என்று எடுத்துக்கொண்டால் கணக்கு தலைகீழாகிவிடும். கீழ் அச்சில் 0 இருக்கிற இடத்துக்கு நேரே கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் வெட்டுத்துண்டு. தாளின் ஓரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியும் செங்குத்தை நம்பாதீர்கள். ஒரு சென்டிமீட்டருக்கு 1,000 ரூபாய் என்று வரைந்தால் மலைபோல் நிற்கும் அதே கோடு, 10,000 ரூபாய் என்று வரைந்தால் படுத்துக்கிடக்கும். சாய்வு என்பது அச்சில் எழுதியிருக்கும் எண்களிலிருந்து வருவது. இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்து “இது செங்குத்தாக இருக்கிறது, ஆகவே இதுதான் வேகம்” என்று சொல்ல வேண்டுமானால், இரண்டும் ஒரே அளவுத்திட்டத்தில் இருக்க வேண்டும்.

படி 2: சாய்வை “ஒன்றுக்கு இவ்வளவு” என்று சொல்லுங்கள்

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணம். மண்டபமும் சாப்பாடும் ஒரே ஆளிடம் பேசியாகிறது. “எத்தனை இலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி, தொகை சொல்லுதேன்” என்கிறார். 300 இலைக்கு 1,20,000 ரூபாய், 500 இலைக்கு 1,60,000 ரூபாய். (மறுவீட்டுக்குச் சொதிச் சாப்பாடு தனிக் கணக்கு, அதை இதில் இழுக்க வேண்டாம்.)

இலை கீழ் அச்சில், ரூபாய் மேல் அச்சில். இலை 200 கூடும்போது தொகை 40,000 கூடுகிறது. 40,000-ஐ 200-ஆல் வகுத்தால் 200. இதை வெறும் 200 என்று விடக்கூடாது. மேல் அச்சின் அலகை முதலில் போட்டு, கீழ் அச்சின் அலகோடு “-க்கு” சேர்த்து வாக்கியமாக்குங்கள்: “ஓர் இலை கூடினால் 200 ரூபாய் கூடும்.” இப்படிச் சொல்ல வந்துவிட்டால் சாய்வு புரிந்துவிட்டது என்று பொருள். வராவிட்டால், சூத்திரம் எத்தனை தரம் எழுதினாலும் பயன் இல்லை.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். பெண் வீட்டார் பில்லைப் பார்த்துவிட்டு, 1,20,000-ஐ 300-ஆல் வகுத்து, “இலைக்கு 400 ஆயிருச்சே” என்பார்கள். 400 என்பது சராசரி. சாய்வு 200. இரண்டும் வேறு. கடைசி நேரத்தில் 50 பேரைக் கூடுதலாக அழைக்கலாமா என்று யோசிக்கும்போது எந்த எண்ணைப் பிடிக்க வேண்டும்? சராசரியைப் பிடித்தால் 20,000 ரூபாய் என்று பயந்து உறவில் பாதியை விட்டுவிடுவார்கள். உண்மையில் கூடப்போவது 10,000 மட்டுமே. 500 இலையில் பார்த்தால் சராசரி 320-ஆக இறங்கிவிடுகிறது, ஆனால் சாய்வு அதே 200-தான். ஆள் கூடக்கூடச் சராசரி 200-ஐ நோக்கி இறங்கும், ஒருபோதும் அதைத் தொடாது. காரணம் வெட்டுத்துண்டு.

படி 3: வெட்டுத்துண்டை எடுங்கள், பிறகு அதைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள்

300 இலைக்குச் சாப்பாட்டுச் செலவு மட்டும் 300 × 200 = 60,000. மொத்தம் 1,20,000. மீதி 60,000 எங்கிருந்து வந்தது? ஓர் இலைகூடப் போடாவிட்டாலும் கொடுக்க வேண்டிய தொகை, அதாவது மண்டப வாடகை. ஆக

தொகை = 60,000 + 200 × இலை

வெட்டுத்துண்டுக்கான வாக்கியம் எப்போதும் ஒரே வார்ப்பில் இருக்கும்: “கீழ் அச்சில் ஒன்றுமே நடக்காதபோது மேல் அச்சில் இவ்வளவு இருக்கும்.” இந்த இடத்தில் வாக்கியம் நன்றாகவே உட்காருகிறது. யாருமே வராத கல்யாணத்துக்கும் மண்டபக்காரர் வாடகை வாங்குவார்.

சரி, இப்போது விசாரணை. அந்த ஒப்பந்தத்தில் “குறைந்தது 250 இலைக்குப் பணம் கட்டணும்” என்று ஒரு வரி இருந்தால்? 100 பேர் மட்டும் சாப்பிட்டால் சமன்பாடு 80,000 என்று சொல்லும். பில் 1,10,000 வரும். 0 முதல் 250 இலை வரை கோடு 1,10,000-இல் தட்டையாகப் படுத்திருக்கும், அதன் பிறகே இலைக்கு 200 என்று ஏறும். அப்போது 60,000 என்ற வெட்டுத்துண்டு கணக்கில் உண்டு, நடப்பில் இல்லை. ஏறும் பகுதியைப் பின்னால் நீட்டினால் மட்டும் தெரிகிற எண் அது. மண்டபக்காரரிடம் போய் “யாரும் வரல, 60,000-தான் தருவேன்” என்றால் நடக்காது.

இதே வலை ஆட்டோ கட்டணத்திலும் இருக்கிறது. நெல்லையில் ஆட்டோ பெரும்பாலும் பேசி ஏறுவதுதான். அதனால் எண்ணுக்குச் சென்னைக்குப் போகிறேன். 2013-இல் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. இதன் வெட்டுத்துண்டு என்ன? பத்தில் ஒன்பது பேர் 25 என்பார்கள். ஏறும் கோட்டைப் பின்னால் நீட்டிப் பாருங்கள்: 1.8 கிலோமீட்டருக்கு 12 வீதம் 21.60 ரூபாய். 25-இலிருந்து அதைக் கழித்தால் 3.40. ஆக 1.8-க்கு மேல்

கட்டணம் = 3.40 + 12 × கிலோமீட்டர்

5 கிலோமீட்டருக்குச் சரிபார்க்கலாம்: 3.40 + 60 = 63.40. நேர்வழியில் 25 + 3.2 × 12 = 63.40. ஒத்துப்போகிறது. 25 என்பது குறைந்தபட்சக் கட்டணம், 3.40 என்பது வெட்டுத்துண்டு. குறைந்தபட்சக் கட்டணத்துக்குள் ஏற்கெனவே 1.8 கிலோமீட்டர் ஓட்டம் அடங்கியிருப்பதால்தான் இந்த வித்தியாசம். தேர்வுக் கேள்விகளில் “முதல் கிலோமீட்டருக்கு இவ்வளவு” என்று எங்கு வந்தாலும் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

இன்னொரு வகை வெட்டுத்துண்டு, மனிதர்கள் வசதிக்கு வைத்த பூஜ்ஜியத்தால் வருவது. செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் கோடு: ஃபாரன்ஹீட் = 32 + 1.8 × செல்சியஸ். 32-க்கு “சூடே இல்லாதபோது உள்ள சூடு” என்று வாக்கியம் அமைத்தால் அபத்தம். தண்ணீர் உறையும் நிலைக்கு ஓர் அளவுகோலில் 0 என்றும் இன்னொன்றில் 32 என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே. நெல்லையில் 0 டிகிரியை ஃப்ரிட்ஜில்தான் பார்க்க முடியும். சாய்வு இங்கேயும் தெளிவாகப் பேசுகிறது: காய்ச்சல் 37-இலிருந்து 38-ஆக ஒரு டிகிரி ஏறினால், மற்ற தெர்மாமீட்டரில் 98.6-இலிருந்து 100.4-ஆக 1.8 ஏறும்.

வெட்டுத்துண்டு 0-ஆக உள்ள கோடும் உண்டு. முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குக் கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. கணக்குக்காக 280 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுற்றாத நாளில் கூலி இல்லை, ஆகவே கோடு ஆதிப்புள்ளி வழியே போகும். பத்தாம் வகுப்பில் நேர் மாறுபாடு என்று வரைபடம் போடுவது இதைத்தான். அங்கே மாறுபாட்டு மாறிலி என்று எழுதுவதும் இந்தச் சாய்வைத்தான். அலகையும் கவனியுங்கள்: கீழ் அச்சில் ஆயிரம் பீடி ஓர் அலகானால் சாய்வு 280, ஒரு பீடி ஓர் அலகானால் 0.28, அதாவது 28 காசு. எண் மாறினாலும் கூலி மாறவில்லை.

சுற்றிய பீடியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்து வர 20 ரூபாய் செலவு என்றால், கைக்கு வருவது = −20 + 0.28 × பீடி. வெட்டுத்துண்டு எதிர்மறை. வாக்கியம்: “ஒன்றும் சுற்றாமல் போய் வந்தால் 20 ரூபாய் கைவிட்டுப் போகும்.” கோடு கீழ் அச்சை வெட்டும் இடத்துக்கும் இங்கே பொருள் உண்டு. 20-ஐ 0.28-ஆல் வகுத்தால் 71.4. முதல் 72 பீடி போக்குவரத்துக்கே சரியாகிவிடும், 73-ஆவது பீடியிலிருந்து வருவது வீட்டுக்கு.

மே 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பேருந்து கிடைத்த நாளில் வெட்டுத்துண்டு மறுபடி 0. கிடைக்காமல் ஷேர் ஆட்டோவில் போனால் −20. கோடு மேலும் கீழும் நகர்கிறதே தவிரச் சாய்வு மாறவில்லை, இரண்டும் இணைகோடுகள். கூலியை 300 ஆக்கினால் மட்டுமே சாய்வு மாறிக் கோடு நிமிரும். கூலிக்கான போராட்டம் சாய்வுக்கானது, பயணச் சலுகை வெட்டுத்துண்டுக்கானது. அதிகம் சுற்றுபவருக்கு முதலாவது அதிகம் கொடுக்கும். இரண்டாவது, குறைவாகச் சுற்றுபவருக்கும் அதே 20 ரூபாயைக் கொடுக்கும். இந்த ஒரு படத்தை வரைந்து பார்த்தவருக்கு ஊதியத்தையும் படிகளையும் பற்றிய பல வாதங்கள் சட்டென்று புரியும்.

படி 4: இறங்குகிற கோடு

சாய்வு எதிர்மறை என்றால் வாக்கியத்தில் “கூடும்” இருக்கும் இடத்தில் “குறையும்” வரும். வேறு வித்தை ஏதும் இல்லை.

வீட்டு கேஸ் சிலிண்டரை எடுங்கள். உள்ளே 14.2 கிலோ எரிவாயு. காலிச் சிலிண்டரின் எடை அதன் மேல் பகுதியில் அச்சிட்டிருக்கும். அது 15.3 என்று வைத்துக்கொண்டால், புதிதாக வந்த அன்று மொத்தம் 29.5 கிலோ. பத்து நாள் கழித்து எடை போட்டால் 25.5. சாய்வு: நாளொன்றுக்கு 0.4 கிலோ குறைகிறது. வெட்டுத்துண்டு 29.5, வந்த நாளின் எடை. இது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய நல்ல வெட்டுத்துண்டு.

எப்போது தீரும்? பழக்கதோஷத்தில் கோடு கீழ் அச்சை வெட்டும் இடத்தைக் கணக்கிட்டால் 29.5 ÷ 0.4, ஏறக்குறைய 74 நாள் என்று வரும். இரும்பையும் எரித்தால்தான் 74 நாள் ஓடும். எடை 15.3-ஐத் தொடும் நாளே கடைசி நாள்: 14.2 ÷ 0.4 = 35.5 நாள். கோடு எந்த மட்டத்தில் முடிகிறது என்பதைச் சூழ்நிலைதான் சொல்ல வேண்டும். அந்த மட்டம் 0-ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

அடுத்து அணை. இதில் கொஞ்சம் நேரம் செலவழிப்பது தகும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பருவமாக நெல் போடுகிறவர்கள் தினமும் நாளிதழில் முதலில் தேடுகிற செய்தியே அணை நிலவரம்தான். “நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி.” மூன்று எண்ணும் ஒரே கோட்டைப் பற்றியவை. நீர்மட்டம் இன்றைய இருப்பைச் சொல்கிறது. இன்றிலிருந்து நாட்களை எண்ணினால் அந்த இருப்புதான் வெட்டுத்துண்டு. நீர்வரத்திலிருந்து வெளியேற்றத்தைக் கழித்தால் கிடைப்பது சாய்வு. செய்தியில் “கன அடி” என்று சுருக்கமாகப் போட்டிருந்தாலும் அது வினாடிக்கு இத்தனை கன அடி என்றே பொருள்.

ஓர் எண் வைத்துப் பார்ப்போம். பாபநாசம் அணையில் இருப்பு 2,000 மில்லியன் கன அடி. வரத்து 300, வெளியேற்றம் 1,400. வினாடிக்கு 1,100 கன அடி குறைகிறது. ஒரு நாளைக்கு 86,400 வினாடி. பெருக்கினால் 9,50,40,000 கன அடி, அதாவது நாளொன்றுக்கு சுமார் 95 மில்லியன் கன அடி. ஆகவே

இருப்பு = 2,000 − 95 × நாள்

இதே போக்கில் போனால் 21 நாளில் அணை காலி. ஆனால் அப்படிக் காலியாக விடமாட்டார்கள். நெல்லைக்கும் தூத்துக்குடிக்கும் குடிநீர் இதே ஆற்றில்தான், வெளியேற்றத்தை நடுவில் குறைப்பார்கள். அந்த நாளில் சாய்வு மாறும், கோடு வளையாமல் முறிந்து புதுக் கோடாகப் போகும். வரத்தும் வெளியேற்றமும் சமமானால் சாய்வு 0. “நீர்மட்டத்தில் மாற்றமில்லை” என்ற செய்தியைப் படித்து ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் கன அடி வந்து ஆயிரம் கன அடி போனாலும் அதே செய்திதான் வரும்.

இப்போது மேல் அச்சில் கன அடிக்குப் பதிலாக நீர்மட்டத்தை அடியில் போடுங்கள். பாபநாசத்தின் முழு மட்டம் 143 அடி. மணிமுத்தாறில் 118. வெளியேற்றம் ஒரே அளவாக இருந்தும் இந்தப் படம் நேர்க்கோடாக வராது. மலைப் பள்ளத்தாக்கில் கட்டிய அணை மேலே அகன்றும் கீழே குறுகியும் இருக்கும். மேலே ஓர் அடி இறங்க எத்தனையோ தண்ணீர் போக வேண்டும், கீழே அதே ஓர் அடிக்குக் கொஞ்சம் போதும். அதனால் நாள் ஆக ஆக அடிக்கணக்கில் வேகமாக இறங்குவதுபோல் தெரியும். “நேத்து ஓர் அடி, இன்னிக்கு ரெண்டடி” என்றால் மதகை அதிகம் திறந்துவிட்டார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். இருப்பு நேர்க்கோடு, மட்டம் வளைகோடு. எதை மேல் அச்சில் வைக்கிறோம் என்பதே கோடு நேராக வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது.

மலை ஏறுவதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். அம்பாசமுத்திரத்தில் 35 டிகிரி என்றால், அங்கிருந்து 1,000 மீட்டர் உயரத்தில் உள்ள எஸ்டேட்டில் சுமார் 28 அல்லது 29. இங்கே வெட்டுத்துண்டு 35 என்பது அடிவாரத்தின் இன்றைய வெப்பம். அது தினமும் மாறும், சாய்வு அந்த அளவுக்கு மாறாது.

படி 5: இரண்டு கோடுகள் சந்திக்கும் இடம்

களக்காட்டிலிருந்து ஏத்தன் வாழைத்தார் ஏற்ற இரண்டு வேன்காரர்கள். ஒருவர் 800 ரூபாயும் கிலோமீட்டருக்கு 20 ரூபாயும் கேட்கிறார். மற்றவர் 300 ரூபாயும் கிலோமீட்டருக்கு 30 ரூபாயும். வெட்டுத்துண்டில் 500 வித்தியாசம், சாய்வில் 10 வித்தியாசம். 500 ÷ 10 = 50. ஐம்பது கிலோமீட்டரில் இரண்டும் 1,800 ரூபாய். அதற்குள் இரண்டாமவர் லாபம், தாண்டினால் முதலாமவர். மதுரைச் சந்தைக்கு என்றால் யோசிக்கவே தேவையில்லை. நெல்லைக்கு என்றால்? ஒருவழி 50-க்குள் என்பதால் இரண்டாமவர் என்று தோன்றும். ஆனால் வேன்காரர்கள் போக வரச் சேர்த்தே கிலோமீட்டர் போடுவார்கள். அப்போது தூரம் 50-ஐத் தாண்டிவிடும், முதலாமவரே மலிவு. படி 1-இல் அச்சின் பெயரை எழுதச் சொன்னது இதற்காகவே.

சந்திக்கும் இடத்துக்கு உயிர்போகும் முக்கியத்துவம் உள்ள துறை ரயில்வே. கட்டுப்பாட்டு அறைகளில் கீழ் அச்சில் நேரத்தையும் மேல் அச்சில் நிலையங்களையும் வைத்து ஒவ்வொரு வண்டியையும் ஒரு கோடாக வரைவார்கள். நிமிர்ந்த கோடு வேகமான வண்டி. தட்டையான துண்டு நின்றுகொண்டிருக்கும் வண்டி. எதிர்ப்பக்கம் சாயும் கோடு எதிரே வரும் வண்டி.

நெல்லை–திருச்செந்தூர் ஒற்றைப் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். தூரம் கணக்குக்கு 60 கிலோமீட்டர் (நிஜத்தில் ஓரிரு கிலோமீட்டர் கூடும்). இரு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் மணிக்கு 40 கிலோமீட்டரில் இரண்டு வண்டிகள் கிளம்புகின்றன. நெல்லையிலிருந்து தூரத்தை அளந்தால் முதல் வண்டி: 40 × மணி. இரண்டாவது: 60 − 40 × மணி. வெட்டுத்துண்டு 60 என்பது “கடிகாரத்தை ஓடவிட்டபோது வண்டி 60-ஆவது கிலோமீட்டரில், அதாவது திருச்செந்தூரில் நின்றது” என்று சொல்கிறது. இரண்டும் முக்கால் மணி நேரத்தில் 30-ஆவது கிலோமீட்டரில் சந்திக்கும். அந்த இடத்தில் ஒரு நிலையமும் கிராசிங் தண்டவாளமும் இல்லையென்றால் ஒரு வண்டியை முந்தைய நிலையத்திலேயே நிறுத்தி அதன் கோட்டைத் தட்டையாக்க வேண்டும். கிராசிங்குக்காக வண்டி காத்துக் கிடக்கும்போது நாம் அலுத்துக்கொள்வது இந்தத் தட்டைத் துண்டுக்காகத்தான்.

2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் பெருவெள்ளத்தால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. அந்த வண்டியின் கோடு அந்த நிலையத்துக்கு நேரே படுத்துவிட்டது. நேரம் ஓடியது, தூரம் கூடவில்லை. சாய்வு 0 என்பதற்கு இதைவிடக் கடுமையான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

படி 6: கோடு எதுவரை செல்லும் என்று கேளுங்கள்

அதே வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. முந்தைய வாரத்து மழை அளவுகளை வைத்து எத்தனை அழகாகக் கோடு வரைந்து நீட்டியிருந்தாலும் அது இந்த எண்ணின் பக்கத்தில்கூடப் போயிருக்காது. புள்ளிகள் இருக்கும் எல்லைக்குள் கோடு பேசுவதைக் கேட்கலாம். எல்லைக்கு வெளியே அது சொல்வது ஊகம்.

சில கோடுகள் எங்கே முறியும் என்பது முன்கூட்டியே தெரியும். வீட்டு மின்கட்டணம் அப்படி. 2022-இல் திருத்திய கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால் அதுவரை கோடு தரையிலேயே கிடக்கும். அப்புறம் ஒவ்வொரு படியிலும் சாய்வு கூடிக்கொண்டே போகும். 500-இல் இன்னொரு விஷயம் இருக்கிறது. 500-க்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரையான யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விகிதம், 500-ஐத் தாண்டியவருக்குக் கிடையாது. அதனால் அந்த இடத்தில் கோடு திரும்புவதோடு நில்லாமல் ஒரு படி மேலே தாவும். 501-ஆவது யூனிட்டின் விலை அதன் சொந்த விகிதத்தைவிடப் பல மடங்கு. ரீடிங் எடுக்க வரும் வாரத்தில் மீட்டரைப் பார்த்து ஏசியை அணைப்பவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்தே செய்கிறார்கள்.

போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதும் இப்படித்தான். முதல் சில நூறு அடிக்கு ஒரு விலை, ஆழம் கூடக்கூட அடிக்குக் கூடுதல் விலை. மொத்தத் தொகையை அடியால் வகுத்துப் பக்கத்து வீட்டு போரோடு ஒப்பிட்டால் தவறான முடிவே வரும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனிக் கோடாகப் படிக்க வேண்டும்.

செய்து பார்க்க

ஒன்று. மாடியில் 1,000 லிட்டர் தொட்டி. மோட்டார் போட்டு 5 நிமிடத்தில் 350 லிட்டர், 15 நிமிடத்தில் 650 லிட்டர். சாய்வு, வெட்டுத்துண்டு இரண்டையும் வாக்கியமாகச் சொல்லுங்கள். எப்போது நிறையும்?

இரண்டு. மேலே சொன்ன கல்யாண ஒப்பந்தத்தில் வேறொருவர் வாடகை 90,000, இலைக்கு 140 என்கிறார். எத்தனை இலைக்கு மேல் இவர் மலிவு?

விடைகள். முதலாவதில் 10 நிமிடத்தில் 300 லிட்டர் கூடியிருக்கிறது, ஆகவே நிமிடத்துக்கு 30 லிட்டர். 5 நிமிடத்தில் 150 லிட்டர் ஏறியிருக்கும் என்றால், மோட்டார் போடும் முன்பே தொட்டியில் 200 லிட்டர் இருந்திருக்கிறது, அதுதான் வெட்டுத்துண்டு. மீதி 800 லிட்டருக்கு 26 நிமிடம் 40 வினாடி. அதற்குப் பிறகு கோடு 1,000-இல் தட்டையாகிவிடும், மோட்டார் ஓடினாலும்.

இரண்டாவதில் வெட்டுத்துண்டு வித்தியாசம் 30,000, சாய்வு வித்தியாசம் 60. வகுத்தால் 500 இலை. 500-இல் இருவரும் 1,60,000, அதற்கு மேல் இரண்டாமவர் மலிவு. ஆனால் இவரும் குறைந்தபட்ச இலை ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.